அக்கா திருப்பி வைத்த மீன்கள்

அந்த இறாலை அக்கா கொடுத்தார் என்று நீங்கள் சொன்னது பொய்.

பழவேற்காட்டுக்கு வரும் சாலையில் மூங்கில் வேலி கட்டி, வாசலில் யானைப் பொம்மை நிறுத்தி, தாய்லாந்து ஓட்டல் நடத்தும் முதலாளி, உங்களைத்தான் சொல்கிறேன். எட்டுப் பேர் வாந்தி எடுத்துப் படுத்த அன்று, பொன்னேரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, போனில் அக்காவின் படத்தைக் காட்டி, "இவங்ககிட்டதான் வாங்கினோம்" என்றீர்கள். பொய் என்று தெரிந்தேதான் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. அப்பா நெல் போட்டார். நான் வேன் ஓட்டுகிறேன். காலையில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு மீன் கூடைகள். பகலில் பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து உங்கள் ஓட்டலுக்குச் சென்னை ஆட்கள். இரண்டு சவாரியும் ஒரே வேனில்தான். உங்கள் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுவார்கள்.

அக்காவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெயர் பட்டது போதும். ஏரிக்கரையில் தோணிரேவு அவர் ஊர். மீன் விற்றவர். எனக்கு அக்கா. அவ்வளவு தெரிந்தால் போதும்.

பழவேற்காடு மீன் ஏலக்கூடத்துக்கு வெளியே, வலது கைப் பக்கம், மூன்றாவது இடம் அவருடையது. தரையில் நீலத் தார்ப்பாய். அதன்மேல் மீன். பின்னால் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியின்மேல் அக்கா. குள்ளம். கனத்த உடம்பு. இடது கட்டைவிரலில் நகம் கறுத்துப் போயிருக்கும், இறால் முள் குத்திக் குத்தி. எதிர்க்கரைக்குக் கேட்கிற குரல்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. இன்றைக்கு ஏரியில் பிடித்த மீன் என்றால், வாங்க வருகிறவர் பக்கம் தலை இருக்கும். நேற்றைய மீன், ஐஸில் கிடந்த மீன் என்றால் தலையைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். வாடிக்கைக்காரர்கள் கேள்வி கேட்க வேண்டியதில்லை. தலையைப் பார்ப்பார்கள், எடுப்பார்கள், போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு வாயாலேயே சொல்வார்.

நான் முதன்முதலாக மீன் வாங்கப் போன அன்று மச்சான் ஊரிலிருந்து வந்திருந்தான். பெரிய மடவையாகப் பார்த்துக் கையை வைத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"எந்த ஊரு நைனா நீ?"

"அனுப்பம்பட்டு."

"நெல்லுக்காரனா? அதான். தலை எந்தப் பக்கம் கீது பாரு."

"உங்க பக்கம்."

"நேத்து மீனு. அதுக்கு வெக்கம். உன் மூஞ்சியப் பாக்காது. இன்னிக்கு வாணாம், போயி முட்ட வாங்கிக்கினு போ."

முட்டைதான் வாங்கிப் போனேன். மச்சான் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான். அன்றிலிருந்து அக்காவுக்கு நான் நெல்லுக்காரன்.

பக்கத்தில் உட்கார்ந்து விற்கிற பெண்களுக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ஒருத்தி நேத்து மீன் என்று சொல்லிவிட்டால், மற்ற கூடைகளை ஜனங்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள் அல்லவா? "உனக்கு விக்க இஷ்டம் இல்லன்னா ஊட்ல குந்திக்க. எங்க பொழப்புல ஏன் மண்ணு போடுற?" என்று முகத்துக்கு நேராகவே கத்துவார்கள். "உன் மீனப் பத்தி நான் இன்னா சொன்னேன்? என் மீன நான் திருப்புறேன். உனக்கு ஏன் கழுத்து வலிக்குது?" என்பார் அக்கா. பிறகு அவர்களிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்வார். சண்டை அத்தோடு முடியும். மறுநாள் திரும்பத் தொடங்கும்.

ஒருநாள் என் வேனை மறித்து ஏறி உட்கார்ந்தார். "அந்தப் பெரிய வாத்தியார் ஊடு தெரியுமில்ல? வுடு வண்டிய." வாத்தியார் என்றால் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். காலையில் இரண்டு கொடுவா வாங்கிப் போயிருந்தார். இரண்டில் ஒன்று நேற்றைய மீன். பேச்சு மும்முரத்தில் கை தவறி இன்றைய மீனோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா நேரே அடுப்படிக்குப் போய் நின்றார். வாத்தியார் பதறி எழுந்தார். அதில் ஒன்று நேற்றைய மீன் என்றார் அக்கா.

"அதனால என்னம்மா? வாசனை நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் கீது. துன்னுங்க, ஒண்ணும் ஆவாது. ஆனா இன்னிக்கு மீனுன்னு சொல்லிக் குடுத்துட்டேன். அது பொய்யாப் போச்சு. நேத்து மீனுன்னு தெரிஞ்சு துன்னுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து வண்டியில் ஏறினார். மீனைத் திருப்பி வாங்கவில்லை. வேறு மீன் கொடுக்கவும் இல்லை. சொன்ன சொல்லைத் திருத்த மட்டுமே அவ்வளவு தூரம் வந்தார். நான் சிரித்தேன். "இதுக்கா டீசல் போட்டு வந்தோம்?" என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

இதைக் கேட்டு அக்கா ஒரு தங்கம் என்று நினைக்க வேண்டாம். அவரோடு இருப்பது கஷ்டம். அவர் மகளைக் கேளுங்கள்.

மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் நல்ல இடம், பையனுக்கு நிரந்தர வேலை. நான்தான் அவர்களை வேனில் கூட்டி வந்தேன். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பையனின் அம்மா, "பொண்ணு அமைதியா இருக்கா, எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அமைதியெல்லாம் இன்னிக்கு மட்டும்தான். கோவம் வந்தா தட்டு பறக்கும். குழம்பு வெக்கத் தெரியாது. போன வருசம் ஒரு எடம் பேசி உட்டுப்போச்சு. உட்டது அவுங்க இல்ல, இவதான். பின்னால யாராச்சும் சொல்லித் தெரிஞ்சிக்கிறத வுட நான் சொல்றது மேலு."

வந்தவர்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். அந்த இடம் அத்தோடு போயிற்று. மகள் ஒரு வருஷம் அம்மாவோடு பேசாமல் இருந்தாள். "என்னையும் தலைய அவங்க பக்கம் திருப்பி வெச்சிட்டாங்க அண்ணா" என்று என்னிடம் அழுதாள். எனக்கும் அன்று அக்கா மேல் ஆத்திரம். பெற்ற பெண்ணையும் மீன் கூடையில் போட வேண்டுமா? கேட்டேன். "பொண்ணு நல்ல பொண்ணுதான். தெரிஞ்சு கட்டிக்கிறவன் வரட்டும்" என்றார். தெரிந்து கட்டிக்கொள்கிறவன் ஆரம்பாக்கத்திலிருந்து வந்தான். தட்டு இன்னும் பறக்கிறதாம். வாழ்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தரைத்தான், முதலாளி, நீங்கள் உங்கள் சுவருக்குத் தேர்ந்தெடுத்தீர்கள்.

ஓட்டல் திறந்த அன்று நீங்களே அரைக்கால் சட்டையோடு ஏலக்கூடத்துக்கு வந்தீர்கள். எத்தனையோ பெண்கள் இருக்க, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டீர்கள். "அம்மா, உங்களை ஒரு போட்டோ எடுத்து எங்க ஓட்டல்ல மாட்டணும். ஏரி மீன், ஏரி மனுஷங்க, அதான் எங்க கான்செப்ட்" என்றீர்கள். கான்செப்ட் என்றால் என்னவென்று அக்கா கேட்கவில்லை. "ஓட்டல்ல சோறு போடுவியா?" என்று கேட்டார். போடுவதாகச் சொன்னீர்கள். "அப்ப இந்த நெல்லுக்காரனும் வருவான்" என்றார்.

பகல் பன்னிரண்டுக்கு மேல்தான் படம் எடுக்கக் கூப்பிட்டீர்கள். அதற்குள் அவர் கூடை காலி. நான் ஸ்டேஷனுக்கு உங்கள் விருந்தாளிகளை ஏற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படம் எடுத்து முடித்து, அக்கா ஓட்டலின் ஏசி அறையில் மேசை முன்னால் காலைச் சம்மணம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கடுகடு என்று இருந்தது.

"இன்னாக்கா, படம் புடிச்சாச்சா?"

"புடிச்சான், புடிச்சான். மீனு அவனுது. ஐஸ் பொட்டியிலேர்ந்து தூக்கியாந்து என் முன்னால பரப்பிட்டான். இப்படிப் பாரு, அப்படிப் பாருன்னு ஒரே பேஜாரு."

அதற்குமேல் சொல்லவில்லை. சாப்பாடு வந்துவிட்டது.

அந்தச் சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன். முதலில் ஒரு சூப். அக்கா கரண்டியால் கிளறி, நீளமாக ஒரு தண்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா நைனா இது? புல்லு."

"லெமன் கிராஸ்மா. அதைச் சாப்பிடக் கூடாது, வாசனைக்குத்தான்" என்றீர்கள் நீங்கள்.

"மாட்டுக்குப் போடுறத எனக்குப் போட்டுட்டு, துன்னவும் கூடாதுன்றான் பாரு" என்று என்னிடம் சொன்னார். ஆனால் குடித்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்து பப்பாளிக்காயைத் துருவி, வேர்க்கடலை இடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து ஒன்று வந்தது. காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே தின்றார். "இதுல கருவாட்டு வாசனை வருது" என்றார். உங்கள் சமையல்காரர் உள்ளேயிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்து காட்டினார். மணிப்பூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், உடைந்த தமிழ் பேசுவார். அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம கருவாட்டுப் பானைத் தண்ணிதான்! இத்த போயி புட்டியில அடைச்சி ஏரோப்ளேன்ல கொண்டாந்துக்கீறான்!" சமையல்காரருக்குப் பாதிதான் புரிந்தது. அவரும் சிரித்தார். 

கடைசியில் ஒரு முழுக் கொடுவா. ஆவியில் வேகவைத்து, பூண்டும் மிளகாயும் எலுமிச்சையும் போட்டு, மீன் வடிவத்தில் செய்த தட்டில், அடியில் நெருப்போடு. பரிமாறியவர், மீனின் தலை அக்கா பக்கம் இருக்கும்படி வைத்தார். அக்கா கரண்டியால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்று சுற்றி, தலையை எதிரில் நின்ற உங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா, ஏதாவது ராசியா?" என்றீர்கள்.

"ராசி இல்ல. விக்கிறவன் பக்கம் தலை இருந்தா பழைய மீனுன்னு அர்த்தம். எங்க எடத்துல நான் அப்படித்தான் வெப்பேன். இன்னிக்கு நீ விக்கிறவன், நான் துன்றவ. இந்த மீனு உன் மூஞ்சியத்தான் பாக்கணும்."

உங்கள் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போய்த் திரும்ப உயிர் வந்தது. "இன்னைக்கு மட்டும்தாம்மா. நாளையிலிருந்து எல்லாம் உங்ககிட்டதான்" என்றீர்கள்.

"சரி. ஆனா செஞ்சவன் கைகாரன்" என்று சொல்லி, முள் மட்டும் மிச்சம் வைத்தார்.

நன்றாக ஞாபகம் வையுங்கள். தலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கே உங்களுக்குச் சொன்னார். தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

சில மாதங்கள் அவரிடம் வாங்கினீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. சமையல்காரர் காலையில் சைக்கிளில் வருவார். அக்கா நல்லது இருந்தால் கொடுப்பார். இல்லாத நாளில், "இன்னிக்குக் கோழி ஆக்கிப் போடு" என்று திருப்பி அனுப்புவார். ஒருநாளும் தலையை மாற்றி வைத்து உங்களுக்கு விற்றதில்லை.

எட்டுப் பேர் படுத்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் தார்ப்பாயில் வெள்ளை இறால், அப்போதுதான் வலையிலிருந்து வந்தது, துள்ளிக்கொண்டிருந்தது. தலையெல்லாம் வெளிப் பக்கம். சமையல்காரர் வந்தார். பெரியதாக எடுத்துத் தரச் சொன்னார். மதியம் விருந்தாளிகள் வருகிறார்கள், புது ஐட்டம் என்றார்.

"இன்னா செய்யப் போற?"

"பச்சை, அக்கா. நோ குக். லெமன், சில்லி, மீன் தண்ணி. ராவா சாப்பிடும்."

அக்கா அள்ளிய இறாலைத் திரும்பத் தார்ப்பாயில் கொட்டினார்.

"மாட்டேன்."

சமையல்காரர் உங்களுக்குப் போன் போட்டார். அக்காவுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்துப் பெண்கள் அப்போது ஏலத்துக்குள் போயிருந்தார்கள். நீங்கள் பேசினீர்கள். "அம்மா, தாய்லாந்துல எல்லாரும் சாப்பிடறாங்க. எலுமிச்சைல ஊறினா வெந்த மாதிரிதான்."

"அந்த ஊருக் கடலு எனக்குத் தெரியாது. இந்த ஏரி எனக்குத் தெரியும். ஊருத் தண்ணி எல்லாம் இதுலதான் வந்து வுழுது. எங்க புள்ளைங்களுக்கே வேக வெக்காம குடுக்கமாட்டோம்."

"நீங்க வித்தா போதும்மா. எப்படிச் சாப்பிடறதுன்னு நாங்க பாத்துக்கறோம்."

"நான் வித்தது ஒருத்தன் வயித்துல சேர்ற வரைக்கும் என்னுதுதான். வேக வெக்கிறேன்னு சொல்லு, மொத்தமும் தரேன். இல்லன்னா உன் கூடையில ஒண்ணு ஏறாது."

"சரி விடுங்க, வேற இடம் இல்லையா" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். சமையல்காரர் வெறும் கூடையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். நான் பார்த்தேன். பத்தடியில் நின்று பார்த்தேன்.

மதியம் உங்கள் மேசையில் பச்சை இறால் இருந்தது. அதை எங்கிருந்து கொண்டு வந்தீர்கள், யாருடைய ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் கிடந்தது, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மாலை ஆறு மணிக்கு உங்களிடமிருந்து போன். அந்த எட்டுப் பேரையும் என் வேனில்தான் ஏற்றினேன். வழியெல்லாம் வாந்தி. ஒரு வயசான அம்மாவுக்குக் கை கால் சில்லிட்டுப்போய், நாங்கள் எல்லோரும் பயந்துவிட்டோம். நல்லவேளை, எட்டுப் பேரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அன்று வராந்தாவில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் உங்கள் சட்டையைப் பிடித்தார். அப்போதுதான் நீங்கள் போனை எடுத்து அக்காவின் படத்தைக் காட்டினீர்கள். "நாங்க என்ன சார் பண்றது, இவங்களை நம்பித்தான் வாங்கினோம்." அதோடு விடவில்லை. என் பக்கம் கையை நீட்டி, "இவரைக் கேளுங்க, இவரும் அந்தப் பக்கத்து ஆள்தான்" என்றீர்கள்.

பெரியவர் என்னைக் கேட்டார். "அந்தம்மாகிட்டதான் வாங்குவாங்களா?"

"ஆமா சார். அங்கதான் வாங்குவாங்க" என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அதில் பொய் இல்லை. வழக்கமாக அங்கேதான் வாங்குவீர்கள். அன்றைக்கு வாங்கவில்லை என்பதை விழுங்கிவிட்டேன். உங்கள் சவாரி போய்விடுமே என்று விழுங்கினேன். கொதிக்கிற குழம்பிலிருந்து ஒரு சொல்லைத் திருத்த ஓடியவரை ஏற்றிப் போன அதே வேன்தான் அன்று வெளியே நின்றுகொண்டிருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள். அதை ஒத்துக்கொண்டுதான் உங்களைக் கேட்கிறேன்.

மறுநாள் காலைக்குள் அக்காவின் முகம் எல்லோர் போனிலும் வந்துவிட்டது. முகம் மட்டும். மீதியை வெட்டியிருந்தார்கள். கீழே, "இவரிடம் மீன் வாங்காதீர்கள்" என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் படம் உங்களிடம் மட்டும்தான் இருந்தது.

அக்கா மூன்று நாள் வந்து உட்கார்ந்தார். வந்தவர்கள் போனைப் பார்ப்பார்கள், அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள். மூன்று நாளும் மீன்களின் தலை காலையில் வெளிப் பக்கம் இருந்து, மறுநாள் காலையில் அவர் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு கூடை மொத்தமும் திரும்பி நான் பார்த்ததில்லை. நான்காம் நாள் ஏலத்துப் பெரிய மனிதர்கள் வந்தார்கள்.

"கொஞ்ச நாளு உக்காராதக்கா. பேச்சு அடங்கட்டும். மொத்த ஊரு மீனும் விக்காம பூடும்."

"அடங்கினா? நான் செஞ்சேன்னு ஆயிடும். அன்னிக்கு அவனுக்கு ஒரு எறா கூட தரல. எவனுக்காச்சும் தலைய மாத்தி வெச்சி வித்துக்கீறேனா? சொல்லுங்கடா, ஒருத்தன் சொல்லு."

விற்றார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, விற்கவில்லை என்றும் சொல்லவில்லை. அக்கா தொண்டை கிழியக் கத்தினார்.

"படத்தப் பாருங்கடா! படத்துலயே சொல்லிக்கீறேன்!"

என்ன சொல்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. எங்கள் போனில் இருந்தது முகம் மட்டும். ஆத்திரத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"நெல்லுக்காரா. நீ நின்னுக்கினு இருந்தியே."

நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தார்ப்பாயை மடித்துக் கூடையில் போட்டார். மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார்; பஸ் ஏற வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். காதில் வாங்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். அந்த மூன்றாவது இடத்தில் இன்றைக்கும் யாரும் உட்காரவில்லை.

உங்கள் சமையல்காரரை அதே வாரம் ஊருக்கு அனுப்பினீர்கள். ஸ்டேஷனில் விட்டவன் நான்தான். "அக்கா நோ சொல்லிச்சு. நான் சாருக்குச் சொன்னது. சார், வேற வாங்கு சொன்னது" என்று ரயில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். சும்மா இருந்தேன்.

கடைசியில் என்னைப் பேச வைத்தது உங்கள் சுவர்தான். பேச்சு சூடாக இருந்தவரை அக்காவின் படத்தைக் கழற்றி வைத்திருந்தீர்கள். போன வாரம் விருந்தாளிகளின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். படம் திரும்ப வந்திருந்தது. முன்னைவிடப் பெரிய சட்டத்தில். கீழே "எங்கள் ஏரி, எங்கள் மீன்" என்று எழுத்து. அப்படியானால் ஊருக்கு ஆகாதவர் உங்கள் சுவருக்கு மட்டும் ஆவாரா? எந்த முகத்தைக் காட்டித் தப்பித்தீர்களோ அதே முகத்தைக் காட்டி வியாபாரமா?

பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். முன்பெல்லாம் வாசலிலிருந்தே அக்கா முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவேன்; முழுப் படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வாழை இலை, அதன்மேல் பத்துப் பன்னிரண்டு கொடுவா. எல்லாம் உங்கள் ஐஸ் பெட்டி மீன். ஒன்றுகூட விடாமல் எல்லாத் தலையும் அக்கா பக்கம். படம் பார்க்கிறவர்களுக்கு வால்தான் தெரிகிறது. 

உங்கள் பரிமாறுகிறவரைக் கேட்டேன். அவர் அன்று கூட இருந்தவர். "அது ஒரு கூத்து அண்ணா. மீன் மூஞ்சி கேமராவப் பாக்கணும்னு போட்டோக்காரர் நாலு தடவ திருப்பினாரு. அந்தம்மா நாலு தடவயும் தன் பக்கம் திருப்பிட்டாங்க. இது என் மீனு இல்ல, இன்னிக்கு மீனும் இல்ல, இது யாரையும் பாக்காதுன்னாங்க. லேட்டாவுது, அப்படியே எடுங்கன்னு சார்தான் சொன்னாரு."

அக்கா பிதற்றவில்லை. படத்திலேயே சொல்லியிருந்தார். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஊரெல்லாம் அனுப்பியபோது வெட்டிப் போட்டது அதைத்தான்.

அன்றே ஆரம்பாக்கம் போனேன். அக்கா இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். பஸ் நிற்கிற இடத்துப் பூக்கடைக்குப் பூ கட்டுகிறார். மகள்தான் கதவைத் திறந்தாள். முகம் கொடுக்கவில்லை. "கடைக்காரம்மா எங்கம்மாவ முன்னால உக்கார வெக்கிறதில்லண்ணா. பின்னால உக்காந்து கட்டச் சொல்லிட்டாங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் இது நேத்து மல்லின்னு சொல்லிடுறாங்களாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, படத்தைப் பார்த்தேன் என்றேன். கை பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தது.

"இப்பத்தான் பாத்தியா?"

"ஆமாக்கா. திரும்ப வந்து உக்காருக்கா. நான் எல்லாருக்கும் சொல்றேன்."

"நீ கூப்ட்டா நான் ஏன் வரணும்? நீ இன்னா என் மேல பழி போட்டவனா? போட்டவன் வரட்டும். எனக்கு அவன்கிட்ட ஒண்ணும் வாணாம். சோறும் வாணாம், மன்னிப்பும் வாணாம். அன்னிக்கு அந்தம்மா தரலன்னு அவன் வாயால சொல்லணும். ஏலத்துல, எல்லாரும் இருக்கும்போது. சொன்னான்னா அடுத்த நாளு என் தார்ப்பாய் அங்க விரியும்."

சரத்தை முடி போட்டுவிட்டு, "அவனுக்கு முன்னால நீ சொல்லணும்" என்றார்.

சரி. சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலை அக்கா ஓட்டலுக்கு ஓர் இறால்கூடக் கொடுக்கவில்லை. பச்சையாகத் தின்னக் கொடுக்கமாட்டேன் என்று என் கண் முன்னால் திருப்பிக் கொட்டினார். ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டபோது இதைச் சொல்லாமல் விழுங்கினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏலக்கூடத்தில் நின்று இதையே வாயாலும் சொல்வேன். இனி உங்கள் சவாரி எனக்கு வேண்டாம்.

நீங்களும் வாருங்கள், முதலாளி. ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள். சுவரிலிருக்கும் அந்தப் படத்தைக் கழற்றி, முகத்தை வெட்டாமல், முழுசாகக் கொண்டுவந்து, வலது கைப் பக்கம் காலியாகக் கிடக்கும் மூன்றாவது இடத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். அந்த மீன்கள் ஏன் உங்கள் விருந்தாளிகளைப் பார்க்கவில்லை என்று அங்கே மீன் விற்கிற பெண்களுக்குச் சொல்லுங்கள். பிறகு சத்தமாக, எதிர்க்கரைக்குக் கேட்கிற மாதிரி, இதற்குப் பதில் சொல்லுங்கள்: எட்டுப் பேருக்குப் போட்ட அந்த இறாலை யாரிடம் வாங்கினீர்கள்?